முக்காடு போட்ட டி.வி.

அமுதவல்லியின் ஊரில் சாம்பல் புதன் வந்துவிட்டால் டி.வி.க்கெல்லாம் முக்காடு போட்டுவிடுவார்கள். கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே ஊதாத் துணி. சாம்பல் புதனில் தொடங்குகிற தவக்காலத்தில் மாதா சுரூபத்துக்கும் சூசையப்பர் சுரூபத்துக்கும் ஊதாத் துணி போர்த்துவது பழைய வழக்கம். கேபிள் ஊருக்குள் நுழைந்த வருஷம் உபதேசியார் மரியதாஸ் அந்த வழக்கத்தை இன்னும் கொஞ்சம் நீட்டிவிட்டார். "சுரூபத்துக்கே முக்காடு போடுறோம், சீரியல்காரிக்கு மட்டும் என்ன கேடு?" என்று பூசை முடிந்ததும் எழுந்து நின்று கேட்டார். அன்றிலிருந்து உப்பளத்துக்கு வேலைக்குப் போகிற அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு, மூலையில் ஓர் ஊதா உருவம் ஈஸ்டர் வரைக்கும் உட்கார்ந்திருக்கும். மரியதாஸ் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்துக்கொண்டு போவார்.

சாமியார் எப்போதாவதுதான் பைக்கில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் ஊருக்கு மரியதாஸ்தான் எல்லாமும். ஜெபம் சொல்வதும் அவர், கோயில் சாவியும் அவரிடம். கெட்ட மனுஷர் இல்லை. சாவு விழுந்த வீட்டுக்கு முதல் ஆளாக வந்து நிற்பார், குழி வெட்ட ஆள் இல்லாவிட்டால் தானே மண்வெட்டி எடுப்பார். ஆனால் தனக்குத் தெரியாத வழியில் ஒருத்தர் ஆண்டவரை நெருங்கிவிட்டால் மட்டும் அவருக்குப் பொறுக்காது.

அமுதவல்லி அப்படித்தான் நெருங்கினாள்.

அவள் புருஷன் அந்தோணிராஜ் கழுவெளி முகத்துவாரத்தில் இறால் பிடிக்கப் போன ஞாயிற்றுக்கிழமைதான் கடல் எழுந்து வந்தது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வீட்டு வாசலில் கட்டிய காகித நட்சத்திரத்தைக்கூட அவிழ்க்கவில்லை. உடம்பு கிடைத்தது, கோயில் கல்லறையில் மண் போட்டாயிற்று. மரியதாஸ் தோளில் கைவைத்து, "தேவசித்தம்மா, ஏத்துக்கோ" என்றார். வந்தவர் போனவர் எல்லாரும் அதையே சொன்னார்கள். அமுதவல்லி தலையை ஆட்டினாள். உள்ளுக்குள் அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தச் சித்தத்தைக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அப்படி நினைத்ததற்காக அவளுக்கே பயமும் வந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டாள். கோயிலுக்குப் போனாள், முழங்கால் போட்டாள், எல்லாரோடும் ஜெபம் சொன்னாள். சொன்னது வாய்தான். மனசு கல்லறையைவிட்டு நகரவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே போயிற்று. புதுச்சேரியில் டிராவல்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிற அவள் தம்பி ஜான்சன், அக்கா யாரோடும் பேசாமல் கிடக்கிறாளே என்று ஒரு பழைய கலர் டி.வி.யும் சி.டி. பிளேயரும் கொண்டுவந்து வைத்தான். கூடவே ஒரு சி.டி., ஒரு புஸ்தகம். "கிறிஸ்டியன் புக் ஷாப்புல வாங்குனேங்க்கா. புடிச்சா பாரு, புடிக்கலைன்னா தூக்கிப் போடு" என்று சொல்லிவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போனான்.

படத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. தெற்கே ஏதோ கடற்கரை ஊரில் சின்னதாக ஒரு குழு எடுத்த படம். கதையும் பெரிதில்லை. தையல் மெஷின் மிதிக்கிற ஒருத்தி. அவள் புருஷனைக் கடல் கொண்டுபோய்விடுகிறது. அவள் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிடுகிறாள். கடைசியில் ஒரு நாள் மத்தியானம், ஆள் இல்லாத கோயிலுக்குள் நுழைந்து, ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, பீடத்துக்கு முதுகைக் காட்டி உட்காருகிறாள். "கோவமாத்தான் இருக்கேன். ஆனா உன் வீட்லதான் இருக்கேன்" என்கிறாள். அவ்வளவுதான். இடி விழவில்லை, வெளிச்சம் வரவில்லை, பின்னால் பாட்டுக்கூட இல்லை. கோயில் பெருக்க வந்தவன் அவளைப் பார்த்துவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறான். அவள் குடிக்கிறாள். படம் முடிந்துவிடுகிறது.

அமுதவல்லி ஓவென்று அழுதாள். புருஷனைப் புதைத்த அன்றுகூட அப்படி அழவில்லை. அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, சுவரில் மாட்டியிருந்த இயேசு படத்தைப் பார்த்து, "உன் மேல எனக்குக் கோவம்" என்றாள். கூரை அப்படியேதான் இருந்தது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு ருசித்தது அவளுக்கு.

புஸ்தகம் வேறு மாதிரி. ஒரு லாரி டிரைவர் ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டிக்கொண்டே பக்கத்து சீட்டில் இயேசு உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசிக்கொண்டு போகிற கதை. டீசலுக்குத் திட்டுவான், போலீஸைத் திட்டுவான், நடுநடுவே அவரையும் திட்டுவான். அமுதவல்லி அதை உப்பளத்துக்கே எடுத்துக்கொண்டு போனாள். விடியுமுன்னே கூடை தூக்க ஆரம்பித்து, வெயில் ஏறுகிற நேரத்துக்குக் கொட்டகையில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கும்போது ஒரு பக்கம் சத்தமாகப் படிப்பாள். பெருமுக்கல் பக்கமிருந்து வேலைக்கு வருகிற தையல்நாயகி சிலுவை போட்டுக்கொள்ளத் தெரியாதவள், அந்த ஊர் மலைக்கோயிலில் கும்பிடுகிறவள். அவள்தான் முதலில் கேட்பாள்: "உங்க டிரைவரு இன்னைக்கு எதுவரைக்கும் போறாரு? நேத்து உளுந்தூர்பேட்டைல வுட்டுட்ட."

2006-ஆம் வருஷத் தவக்காலம் வந்தது. இலவசமாகக் கலர் டி.வி. தருவோம் என்று மைக் கட்டிய வண்டிகள் தெருவில் ஓட்டுக் கேட்டுப் போய்க்கொண்டிருந்தன. அமுதவல்லியும் தன் டி.வி.க்கு ஊதாத் துணி தைத்துப் போட்டாள். சட்டம் சீரியலுக்குத்தானே என்று அவளுக்கு ஒரு கணக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் முக்காட்டை விலக்கிப் படத்தைப் போட்டாள். உப்பளத்துப் பெண்கள் வந்தார்கள், தையல்நாயகி உட்பட. படம் முடிந்ததும் யாரும் உடனே எழுந்து போகவில்லை. ஒவ்வொருத்தியும் தன் கோபத்தைச் சொன்னாள், தையல்நாயகி மட்டும் ஒன்றும் சொல்லாமல் அழுதாள். அப்புறம், யாரும் சொல்லாமலே, ஜெபமும் சொன்னார்கள். வெள்ளிக்கு வெள்ளி கூட்டம் கூடியது.

வினை வந்தது சாலம்மாளால்.

சாலம்மாள் எதிர்வீட்டுக்காரி. காலமெல்லாம் உப்பளத்து வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிப்போனவள். வாய் மங்கவில்லை. அனுமந்தையில் மகள் வீட்டில் மாசக்கணக்கில் இருந்துவிட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்தாள். கண் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்திருந்தாள், மனசுக்குள் பயம். மாதாவுக்கு மெழுகுத்திரி ஏற்றலாம் என்று கோயிலுக்குப் போனால் கதவு பூட்டியிருக்கிறது. சரி, அமுதா வீட்டிலும் சுரூபம் இருக்கும் என்று வந்துவிட்டாள். அப்போதுதான் வெள்ளிக்கிழமைப் படம் முடிந்து பெண்கள் போயிருந்தார்கள். அமுதவல்லி டி.வி.யை நிறுத்தி, முக்காட்டைப் போர்த்திவிட்டுக் குடத்தோடு குழாயடிக்குப் போயிருந்தாள்.

திரும்பி வந்தவள் கண்ட காட்சி, டி.வி. முன்னால் மெழுகுத்திரி எரிகிறது, சாலம்மாள் முழங்கால் போட்டுக் கைகளை விரித்து உருகிக்கொண்டிருக்கிறாள். அமுதவல்லி குடத்தை இறக்காமலே நின்றாள். ஜெபம் முடிகிறவரைக்கும் பொறுத்து, அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"அத்தே, அது டி.வி."

சாலம்மாள் கண்ணை இடுக்கித் துணியைப் பார்த்தாள். "துணியத் தொட்டு ஒதட்டுல ஒத்தி முத்தி பண்ணேன்டி. வெதுவெதுன்னு இருந்திச்சு. கை மயிரெல்லாம் சிலுத்துக்கிச்சு. மாதா பவரா எறங்கிட்டான்னு நெனச்சேன்" என்றாள். ரெண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் கிழவியின் முகம் விழுந்துபோயிற்று. "வெளிய சொல்லிடாத அமுதா. டி.வி.ய கும்புட்டவன்னு சாவுற வரைக்கும் கிண்டல் பண்ணுவாளுங்க."

"எனக்கு என்ன வேல வெட்டி இல்லையா?" என்றாள் அமுதவல்லி.

ஆனால் கதவு திறந்துதான் இருந்தது. மெழுகுத்திரியை மட்டும் யாரோ பார்த்துவிட்டார்கள். பொழுது சாய்வதற்குள் அமுதவல்லி டி.வி.க்கு மெழுகுத்திரி ஏற்றிக் கும்பிடுகிறாள் என்று ஊர் பூராவும் பேச்சு.

மறுநாள் மரியதாஸ் வந்தார். வழக்கம்போல வாசலோடு நிற்கவில்லை, உள்ளே வந்தார். டி.வி. வைத்த பலகையில் உருகி ஒட்டியிருந்த மெழுகை விரலால் சுரண்டிப் பார்த்தார்.

"ஏம்மா, இது என்னா?"

ஒரு வார்த்தையில் தப்பித்திருக்கலாம். எதிர்வீட்டைக் கை காட்டினால் போதும். எதிர்வீட்டு வாசலில் சாலம்மாள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அரிசியைப் பார்க்காமல்.

"மெழுகு" என்றாள் அமுதவல்லி. "மெழுகுத்திரி எரிஞ்சுது."

"டி.வி.க்கா?"

"எரிஞ்சுதுன்னு சொல்றேன் இல்ல."

மரியதாஸ் பெருமூச்சு விட்டார். "நீ வெள்ளிக்கெழம படம் போடுறதும் எனக்குத் தெரியும். சாமி படம்தானேன்னு வுட்டுவெச்சேன். அது சாமி படமும் இல்லையாமே. எவளோ ஒருத்தி ஆண்டவருக்கு முதுகக் காட்டி ஒக்கார்றாளாம். அந்தப் புஸ்தகத்துல ஒருத்தன் அவர வண்டில ஏத்திக்கினு திட்டுறானாம். எல்லாம் கட்டுக்கதை. ஜெபப் புஸ்தகம் இருக்குது, பைபிள் இருக்குது. அது பத்தாதா ஒனக்கு?"

"பத்தலீங்க."

அப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. அவளும்தான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சொன்ன பிறகு உடம்பே லேசானதுபோல இருந்தது.

"ஒரு வருசம் நீங்க சொல்லிக்குடுத்ததெல்லாம் சொன்னேங்க. பசிக்கு வெறும் வாய மெல்ற மாதிரி இருந்துச்சு. அந்தப் படத்தப் பாத்த அன்னைக்குதான் எனக்கு ஜெபம் வந்துச்சு. அப்புறம்தான் பைபிளே படிச்சேன். கட்டுக்கதையோ கண்டதோ, என்னக் கூட்டிட்டுப் போயி அவர்கிட்ட வுட்டுச்சு. நீங்க கூட்டிட்டுப் போவலையே."

மரியதாஸின் முகம் சிவந்துவிட்டது. விரலில் ஒட்டியிருந்த மெழுகைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "அந்த சி.டி.யையும் புஸ்தகத்தையும் கொண்டாந்து கோயில்ல ஒப்படைச்சிட்டு, சிலுவ முன்னாடி மன்னிப்பு கேட்டுடு. இல்லன்னா பெரிய வெள்ளிக்கு எட்டாம் ஸ்தலம் இந்த வாசல்ல நிக்காது. நாலு வீடு தள்ளி தேசப்பன் வீட்டுக்கு மாத்திடுவேன்."

அவளுக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்தே அந்த இடத்தில் கைவைத்தார்.

சிலுவைப்பாதைக்குப் பதினாலு ஸ்தலம். இயேசு சிலுவையில் இறந்த பெரிய வெள்ளி காலையில் மரச்சிலுவையைத் தூக்கிக்கொண்டு ஊரே தெருவைச் சுற்றி வரும். ஸ்தலத்துக்கு ஒரு வீடு. அந்த வீட்டு வாசலில் மேசை போட்டு, துணி விரித்து, சிலுவையில் தொங்குகிற பாடுபட்ட சுரூபமும் மெழுகுத்திரியும் வைத்திருப்பார்கள். கூட்டம் அங்கே நின்று ஜெபித்துவிட்டு நகரும். சிலுவை சுமந்து போகிற இயேசு, தெருவில் அழுதுகொண்டிருக்கும் பெண்களைப் பார்த்து நின்று பேசுகிற இடம் எட்டாம் ஸ்தலம். அது அந்தோணிராஜின் அப்பா காலத்திலிருந்து அந்த வாசல்தான். அதற்கென்றே அந்தோணிராஜ் பூவரசு மரத்தில் ஒரு மேசை செய்திருந்தான். ஒரு கால் கொஞ்சம் குட்டை, அதற்கு ஓட்டுச் சில்லு வைக்க வேண்டும். அவன் கை பட்டதில் மிச்சம் அந்த மேசை ஒன்றுதான். வருஷத்தில் ஒரு நாள் அதன் முன்னால் ஊரே முழங்கால் போடும். அது போய்விட்டால் அவனும் ரெண்டாவது முறை போய்விடுவான் என்று அவளுக்குத் தோன்றியது.

அதனால் அவள் தடுமாறினாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை சி.டி.யையும் புஸ்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டுதான் உப்பளத்துக்குப் போனாள். திரும்பும்போது கோயிலில் கொடுத்துவிடலாம் என்று நினைப்பு. கஞ்சி நேரத்தில் விஷயத்தைச் சொன்னதும் தையல்நாயகி தூக்குவாளியை மூடி ஓரமாக வைத்தாள்.

"குடுத்துடு. ஒரு மேசைக்காகக் குடுத்துடு. ஆனா ஒண்ணு சொல்லு, வர்ற வெள்ளிக்கெழம நான் எங்க போயி அழுவுறது?"

"நீ ஏன்டி அழுவணும்? நீ என்ன கிறிஸ்டியனா?"

"எம் புள்ள செத்துதே, அது என்ன சாதி பாத்தா செத்துது?"

வெள்ளிக்கு வெள்ளி பக்கத்தில் உட்கார்ந்தவள் எதற்காக அழுகிறாள் என்று அமுதவல்லி ஒரு நாளும் கேட்டதில்லை. பையிலிருந்து புஸ்தகத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து படித்தாள். டிரைவர் விழுப்புரம் தாண்டினான். சாயங்காலம் கோயில் வழியாக வரவில்லை, குறுக்கு வழியில் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்த வருஷம் பெரிய வெள்ளியும் சித்திரை ஒண்ணும் ஒரே நாளில் வந்தன. அமுதவல்லி எழுந்ததும் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்தாள். மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து எப்போதும் போடுகிற இடத்தில் போட்டாள். குட்டைக் காலுக்குச் சில்லு வைத்தாள். விரிக்க வெள்ளைத் துணி இருந்தது. அதை எடுத்தவள் திரும்ப வைத்துவிட்டு, டி.வி.யின் ஊதா முக்காட்டை உருவி வந்து மேசைமேல் விரித்தாள். சுரூபத்தை வைத்தாள், மெழுகுத்திரியை ஏற்றினாள். உள்ளே டி.வி. தலையில் துணியில்லாமல் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. தெருவில் நாலு வீடு தள்ளி தேசப்பன் வீட்டு வாசலில் புது மேசை, பிளாஸ்டிக் பூ, எல்லாம் தயார்.

கூட்டம் வந்தது. முன்னால் குழாய் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ, அதன் பின்னால் மைக்கோடு மரியதாஸ், அப்புறம் தோளில் சிலுவையோடு தேசப்பன், ஆண்கள், கடைசியில் பெண்கள். மரியதாஸ் அமுதவல்லியின் மேசையைப் பார்த்தார். பார்க்காத மாதிரி பாட்டை உரக்க எடுத்தார். ஆட்டோ தாண்டியது. சிலுவை தாண்டியது. ஆண்கள் சுரூபத்தைப் பார்த்து நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டே தாண்டினார்கள். அமுதவல்லி மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வரக்கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

பெண்கள் கூட்டத்தின் முன்னால் யாருடைய தோளையோ பிடித்துக்கொண்டு வந்த சாலம்மாள் மேசைக்கு நேரே வந்ததும் நின்றாள். தோளை விட்டாள். புடவையை ஒதுக்கிக்கொண்டு நடுத்தெருவில் முழங்கால் போட்டாள். தெரு குறுகல். பின்னால் வந்தவர்கள் அவளைத் தாண்டவும் முடியவில்லை, தாண்ட மனசும் வரவில்லை. ஒருத்தி முழங்கால் போட்டாள். அப்புறம் வெள்ளிக்கிழமைக்காரிகள் எல்லாரும் போட்டார்கள். முன்னால் பாட்டு ஆண்குரலாக மட்டும் கேட்டதும் மரியதாஸ் திரும்பிப் பார்த்தார். மைக்கை ஆட்டோவில் வைத்துவிட்டு வேகமாக வந்தார்.

"அம்மா, எட்டாம் ஸ்தலம் மாத்தியாச்சு. அதோ அங்க, தேசப்பன் வீட்டாண்ட. கண்ணு தெரியாம இங்க ஒக்காந்துட்டீங்க, எழுந்திரிங்க."

"கண்ணு தெரியாம டி.வி. முன்னால ஒக்காந்தேன்பா, அது வாஸ்தவம்" என்றாள் சாலம்மாள். அவள் சத்தம் தெரு பூராவும் கேட்டது. "அந்த மெழுகுத்திரிய ஏத்துனவ நான். கோயில் பூட்டிக் கெடந்துது, இவ வீடு தொறந்து கெடந்துது. முக்காடு போட்டிருந்ததால மாதான்னு நெனச்சிட்டேன். என்ன ஊரு சிரிக்கக்கூடாதுன்னு இவ வாயத் தொறக்கல. இப்ப கண்ணு தெரியாம ஒக்காரலப்பா. தெரிஞ்சுதான் ஒக்காந்திருக்கேன்."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். சாலம்மாள் அந்தப் பக்கம் திரும்பி, "சிரிச்சுக்கோ" என்றாள். அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை.

மரியதாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தேசப்பன் சிலுவையோடு திரும்பி வந்துவிட்டான். வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது.

"உபதேசியாரே, எம் வாசல்ல பொம்பளைங்களே இல்லைங்க. எட்டாம் ஸ்தலத்துல யாருக்கு ஆறுதல் சொல்றது, எனக்கா?" என்றவன், பதிலுக்குக் காத்திராமல் சிலுவையை அமுதவல்லியின் மேசைக்குப் பக்கத்தில் ஊன்றி நிறுத்தினான். "தோளு கழண்டுபோச்சு. படிக்கிறத இங்கயே படிங்க."

ஆட்டோ அந்தக் கூட்டத்தில் பின்னால் வர வழியில்லை. மரியதாஸ் மைக் இல்லாமல் வெறும் குரலில்தான் படித்தார். ஸ்பீக்கரில் அலறுகிற மனுஷருக்கு நிஜத்தில் இவ்வளவு சின்னக் குரலா என்று ஊர் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது. படித்து முடித்ததும், எப்போதும்போலக் கொஞ்ச நேரம் மௌனம். அந்த மௌனத்தில் அமுதவல்லி சுரூபத்தைப் பார்த்து, எல்லாரும் கேட்கும்படியே சொன்னாள்.

"கோவமாத்தான் இருக்கோம். ஆனா இங்கதான் இருக்கோம்."

பின்னால் பெண்கள் அதைத் திருப்பிச் சொன்னார்கள், ஜெபத்துக்குப் பதில் சொல்கிற அதே ராகத்தில். ஜெபப் புஸ்தகத்தில் இல்லாத வரி. மரியதாஸ் நிமிர்ந்து பார்த்தார். யாரும் கண்ணைத் தாழ்த்தவில்லை.

கூட்டம் எழுந்து நகர்ந்தது. சிலுவையைத் தூக்குவதற்கு முன்னால் தேசப்பன் அந்தோணிராஜின் மேசையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மரியதாஸ் கடைசியாகப் போனார். மேசைமேல் விரித்திருந்த ஊதாத் துணியை அப்போதுதான் அடையாளம் கண்டார். வாசல் வழியாக உள்ளே பார்த்தார்.

"ஈஸ்டர் முடியட்டும்மா, இதப் பத்திப் பேசணும்."

"பேசலாம். வெள்ளிக்கெழம மத்தியானம் வாங்க" என்றாள் அமுதவல்லி. "படம் முடிஞ்ச பின்னால பேசலாம்."